ஒல்லியின் பெயர் மட்டும் வந்த பட்டியல்

திங்கட்கிழமை காலை, அவன் வேலை பார்க்கும் மென்பொருள் நிறுவனத்துக்கு வாடிக்கையாளரான பல் மருத்துவமனையிலிருந்து போன் வந்தது. நோயாளிகளுக்கு முந்தின நாளே போக வேண்டிய நினைவூட்டல் மெசேஜ் நான்கு நாளாக மறுநாள்தான் போகிறதாம். தேதி தாண்டிய பிறகு 'நாளை மறக்காமல் வாருங்கள்' என்று வந்தால் யார் பல்லைக் காட்டப் போவார்கள்?

போன வாரம் யார் எந்தக் கோப்பைத் தொட்டார்கள் என்று பட்டியல் எடுத்து அனுப்பும்படி மேனேஜர் மேடம் அவனிடம் சொன்னார். அது ஒரு வரி வேலை. வேலையை ஒப்படைக்கும் ஒவ்வொரு தடவையும் ஒரு கமிட். யார், என்றைக்கு, எதை மாற்றினார்கள் என்பதெல்லாம் கிட் என்கிற மென்பொருளில் பதிந்திருக்கும். git log --name-status என்று தட்டினான்.

வியாழக்கிழமை, அவன் பெயர். அதற்குக் கீழே மாறிய கோப்பு என்று நினைவூட்டல் கோப்பு. சோதனைக்காக, ஒரு நாள் முன்னதாக என்று காட்டும் மைனஸ் குறியை எடுத்தவன் திரும்பப் போட மறந்திருந்தான். அதற்கும் கீழே, புதிதாகச் சேர்ந்தது: akka.txt.

அவன் திரையைச் சற்றுத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நண்பன் ஒல்லி சாப்பிடப் போகும் நேரம் பார்த்து, ஊரிலிருக்கும் அக்காவுக்கான கடிதத்தை மைக்கில் பேசி எழுத்தாக்குவது அவன் வழக்கம். சோம்பலில் வேலை ஃபோல்டரிலேயே சேமித்துவிட்டு, எல்லாவற்றையும் மொத்தமாகச் சேர்க்கிற கட்டளையைத் தட்டியிருக்கிறான். வெள்ளிக்கிழமை அதை அழித்தும் ஆயிற்று. அழித்ததையும் கிட் ஒரு வரியாக எழுதி, பழைய பிரதியையும் வைத்திருந்தது.

அந்தக் கடிதத்தில் ஒல்லியைப் பற்றி இருந்தது. இந்த வேலைக்கு அவனைச் சிபாரிசு செய்ததும், தன் அறையில் பாதியைக் கொடுத்ததும் ஒல்லிதான். அக்காவுக்கோ அவன் தலைகீழாகச் சொல்லியிருந்தான்: 'என்கூட ஒருத்தன் இருக்கான். பாவம், ஒண்ணும் தெரியாது. நான்தான் அவனை இழுத்துக்கிட்டு ஓடுறேன்.'

கை தானாகவே போயிற்று. அதே கட்டளையோடு --author போட்டு ஒல்லியின் பெயரைச் சேர்த்தான். இப்போது ஒல்லியின் கமிட்டுகள் மட்டும் வந்தன. செவ்வாய்க்கிழமை ஒல்லியும் அதே கோப்பில் ஏதோ வாசகத்தைத் திருத்தியிருந்தான். வடிகட்டியது தெரியாதபடி கட்டளையை விட்டுவிட்டு, வந்த பட்டியலை மட்டும் நகலெடுத்து மேடத்துக்கு அனுப்பினான்.

பத்து நிமிஷத்தில் மேடம் ஒல்லியைக் கண்ணாடி அறைக்குக் கூப்பிட்டார். ஒல்லியை நிரந்தரமாக்குவதா வேண்டாமா என்று முடிவு செய்கிற வாரம் அது.

கண்ணாடிக்குப் பின்னால் ஒல்லி வாதாடுவான் என்றுதான் அவன் எதிர்பார்த்தான். ஒல்லி கழுத்தைச் சொறிந்தபடி தலையாட்டிக்கொண்டிருந்தான். நான்தான் ஏதாவது பண்ணித் தொலைத்திருப்பேன் என்கிற மாதிரி. அதைப் பார்த்ததும் அவனால் உட்கார முடியவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனான்.

அனுப்பியது பாதிப் பட்டியல் என்றான். முழுசையும் விரித்து, வியாழக்கிழமையைக் காட்டினான். மேடம் அந்த வரியைப் படித்தார். பிறகு akka.txt மேல் விரலை வைத்து, இது என்ன என்று கேட்டார். அவன் வாய் திறப்பதற்குள் அதைத் திறந்தும்விட்டார். மேடத்துக்குத் தமிழ் தெரியாது. திரையை ஒல்லி பக்கம் திருப்பினார்.

ஒல்லி படித்தான். நிதானமாக, கடைசி வரி வரைக்கும். எழுதியவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

வீட்டுக்கு எழுதிய கடிதம், வேலை சம்பந்தமாக எதுவும் இல்லை என்று ஒல்லி மேடத்திடம் சொன்னான். மேடம் அவன் பக்கம் திரும்பி, இனி அவன் கமிட்டுகளை வேறொருவர் பார்த்த பிறகே ஏற்க வேண்டும் என்றார். ஒல்லியிடம் மன்னிப்புக் கேட்டார்.

வெளியே வந்ததும் அவன் முணுமுணுத்தான்.

"டேய்... சும்மா, வீட்டுல கவலைப்படக்கூடாதுன்னு..."

"அதுக்கு என்னை ஏன்டா மக்கு ஆக்கின? ஊர்ல வேற ஆளே கிடைக்கலையா?"

அவன் லேப்டாப்பை மூடினான்.

"அனுப்பிட்டியா அதை?"

"ம்."

"அக்கா என்ன சொன்னாங்க?"

பொய் சொல்லிவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது. 

"யாரு பெத்த புள்ளையோ, அவனைப் பத்திரமாப் பாத்துக்கோன்னு சொன்னாங்க."

ஒல்லிக்குச் சிரிப்பு வந்து, பாதியிலேயே நின்றுபோயிற்று.

"முதல்ல அந்த மைனஸைப் போடு. நாளைக்கும் தப்பாப் போகப்போகுது," என்று சொல்லிவிட்டுத் தன் இடத்துக்குப் போனான்.