ஆளுக்கொரு பெட்டி

றுஸ்தா இரண்டு வருடம் மண்டையை உடைத்துக் கட்டிய வலையமைப்பை, இரண்டு தலைவர்கள் ஒரு பிளேன்ரீ குடித்து முடிக்கிற நேரத்துக்குள் பங்கு பிரித்தார்கள்.

கல்முனையில் அவளுடைய வாப்பாவின் புடைவைக் கடை மாடிதான் வேலைத்தலம். அங்கே இரண்டு கணினிப் பெட்டிகள். கடற்கரையில் ஒரு சின்னக் கோபுரம், வயல் பக்கம் உள்ளே குளக்கட்டில் இன்னொன்று. பெரிய கம்பனிகளின் தயவு தேவையில்லை. அவள் கொடுத்த சிம் போட்ட கைபேசிகள் இணைய முறையில் பேச்சையும் படத்தையும் தங்களுக்குள்ளேயே அனுப்பிக்கொள்ளும். மின்சாரம் போனால் சூரியத் தகடு இருக்கிறது. கொழும்பு நிறுவனமொன்று முன்மாதிரி செய்யக் காசு தந்திருந்தது. சரிவந்தால் கரையோரம் முழுக்கப் போடலாம் என்றார்கள்.

அவளுக்கு அதெல்லாம் பிறகு. போன வெள்ளத்தில் கம்பனிக் கோபுரங்கள் எல்லாம் படுத்துவிட, குளத்து வான்கதவு திறந்த செய்தி கரைக்கு வரவேயில்லை. தண்ணீர்தான் வந்தது. பெரியநீலாவணையில் மீன்பிடிக்கிற சாமித்தம்பியின் மனைவி சுந்தரம்மா குடிசையோடு போனாள். அடுத்த முறை தண்ணீருக்கு முன்னால் செய்தி வரவேண்டும். றுஸ்தா ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

வலையமைப்பை ஊர்ச் சங்கங்களிடம் ஒப்படைக்கிற நாளும் வந்தது. விவசாயிகள் சங்கத் தலைவர் அப்துல் ஹமீட் ஹாஜியாரும், மீனவர் சங்கத் தலைவர் சீனித்தம்பியும், நிறுவனத்து அதிகாரி குணமும் மாடியில் கூடியிருந்தார்கள். சுவரில் மாட்டிய திரையில், குளக்கட்டில் நின்ற வான்கதவுக் காவலாளி நிப்றாஸும் கரையில் நின்ற சாமித்தம்பியும் முகம் பார்த்துக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். படம் அவ்வளவு தெளிவு. தலைவர்கள் அந்தப் பக்கம் திரும்பினால்தானே!

"பெட்டி ரெண்டையும் எங்க வைக்கிற?" என்றார் சீனித்தம்பி. "இஞ்ச வெச்சா ஹாஜியாக்கள்ற பக்கம். நாங்க கதைக்கிறதெல்லாம் ஒட்டுக் கேப்பாங்க."

"உங்கட பக்கம் வெச்சா மட்டும் காதைப் பொத்திட்டு இரிப்பீங்களோ?" என்றார் ஹாஜியார்.

குணம் மணிக்கூட்டைப் பார்த்தார். "ரெண்டு பெட்டி, ரெண்டு சங்கம். ஆளுக்கொண்டு எடுங்களன். பிரச்சினை முடிஞ்சுது."

றுஸ்தா பெட்டிகளுக்கு முன்னால் வந்து நின்றாள். "ஹாஜியார், சீனித்தம்பி ஐயா, கொஞ்சம் கேளுங்க. ஒரு பெட்டிக்கு நம்மட ஆக்கள் ஆரார் எண்டு தெரியும். மத்தப் பெட்டிதான் ஆளை ஆளோட சேத்து உடும். பிரிச்சா ரெண்டும் ஒண்டுக்கும் உதவாது."

"அப்ப ரெண்டு பக்கமும் சமன்தானே, மகள்," என்றார் ஹாஜியார். சீனித்தம்பி தலையாட்டினார். அவர்கள் இருவரும் ஒத்துப்போனதை றுஸ்தா அன்றுதான் முதலில் கண்டாள்.

இன்னொரு சோடிப் பெட்டி வாங்கித் தரச் சொல்லிக் கேட்டாள். திட்டம் இன்றோடு முடிகிறது என்று குணம் கையை விரித்தார்.

வலை இழுக்கிற முறைக்கும் வாய்க்கால் தண்ணீர் முறைக்கும் சீட்டுப் போட்டுப் பழகிய மனிதர்கள். கடலையும் தண்ணீரையும் பங்கு போட்டவர்களுக்கு இரண்டு பெட்டி எம்மாத்திரம்! குடித்து வைத்த கோப்பைக்குள் இரண்டு துண்டுச் சீட்டு விழுந்தது. ஆளை அறிகிற பெட்டி ஹாஜியாருக்கு, ஆளைச் சேர்க்கிற பெட்டி சீனித்தம்பிக்கு. இருவரும் வாயெல்லாம் பல்லாகக் கைகுலுக்க, குணம் படம் பிடித்தார். கேட்டது ஒரு வலையமைப்பு, கிடைத்தது இரண்டு என்று அறிக்கையில் எழுதப்போவதாகவும் சொன்னார். வெட்கங்கெட்ட மனிசன்.

பிறகு ஒரு தாளை நீட்டினார். 'இயங்கும் நிலையில் ஒப்படைத்தேன்' என்றிருந்தது.

"இதுக்கு நான் ஒப்பம் வைக்க ஏலா."

"வைக்காட்டி ரெண்டையும் கொழும்புக்கு ஏத்திப்போடுவன், தங்கச்சி."

ஊரிலாவது கிடக்கட்டும் என்று அவள் ஒப்பம் வைத்தாள். தன் கையைப் பார்க்கவே அவளுக்கு அருவருப்பாக இருந்தது.

"கழட்டித் தாங்க, மகள். வெளியில வேன் நிக்கிது," என்றார் ஹாஜியார்.

அவள் பெட்டிக்குப் பின்னால் குனிந்தாள். திரையில் சாமித்தம்பி இன்னும் கதைத்துக்கொண்டிருந்தார்.

"இஞ்ச மழை இருட்டிட்டு வருது, மனே. வான்கதவு திறந்தா உடன சொல்லுவாய்தானே?"

"ஓம் அண்ணன். திறந்த கையோட சொல்றன். இனி என்ன பயம்? நீங்க நிம்மதியாப் படுங்க," என்றான் நிப்றாஸ்.

சாமித்தம்பி சிரித்தார். சுந்தரம்மா போன பிறகு அவர் சிரித்து றுஸ்தா பார்த்ததில்லை. அவர் சிரித்து முடியும்வரை காத்திருந்துவிட்டு, அவள் வயரைக் கழற்றினாள்.