முதல் வாய்

முயல் துள்ளி விழுந்த பிறகுதான் சின்னப்பராஜுக்குத் திக்கென்றது. கல் கையை விட்டுப் போகும்வரை அவனுக்கு எந்த நினைப்பும் இல்லை, பசி ஒன்றுதான் இருந்தது. புதருக்கடியில் ஏதோ அசைந்தது, கை தானாகக் கிளம்பிவிட்டது. பாழாய்ப் போன கை. கிரிக்கெட்டில் ஒருநாளும் ஸ்டம்பைத் தொட்டதில்லை, இன்று பார்த்து நடுமண்டையில் இறக்கியிருந்தது.

"சின்னப்பா, நீ கற்காலத்துல பொறக்க வேண்டியவன்டா" என்று மாது முயலைக் காதைப் பிடித்துத் தூக்கினான்.

மூவரும் தர்மபுரியில் பி.ஏ. வரலாறு கடைசி வருடம். ஆதிகால வேட்டைக்குடி ஒன்று இந்தக் காட்டில் எப்படித் தாக்குப்பிடித்திருக்கும் என்று சேர்ந்து ஆராய்ந்து எழுத வேண்டும். லைப்ரரியில் நாலு பக்கம் பார்த்து எழுதிக் கொடுத்திருந்தாலே பெரியண்ணன் சார் பேசாமல் வாங்கிக்கொண்டிருப்பார். நல்லம்பள்ளிக்காரன் சென்றாயன்தான் கேட்கவில்லை. சோறு கட்டாமல் போய் இருந்து பார்த்தால்தானே தெரியும் என்று ஒற்றைக் காலில் நின்றான். ஒகேனக்கல் பஸ்ஸில் வந்து பாதியில் இறங்கி, நேற்றுக் காலையிலிருந்து அலைகிறார்கள். காய்ந்த இலந்தைப் பழத்தைத் தவிர ஒன்றும் அகப்படவில்லை. மீன் பிடிக்கிறேன் என்று ஆற்றில் இறங்கியதில் மாதுவின் செருப்பு போனதுதான் மிச்சம்.

சின்னப்பராஜுக்கு வந்ததிலிருந்தே இருப்புக் கொள்ளவில்லை. அம்மா ஆரோக்கியம்மாள் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். திங்கட்கிழமை கர்ப்பப்பை ஆப்ரேஷன். "அக்கா இருக்கறா இல்ல, மார்க்க வுட்டுடாத, போ" என்று அவளேதான் துரத்தினாள். அவளுக்கும் தெரியாத ஒன்று இருந்தது. சாம்பல் புதனன்று கோயிலில் முழங்காலில் நின்று மாதாவிடம் சொல்லியிருந்தான்: தவக்காலம் முடிகிறவரை கவிச்சி தொடமாட்டேன், அம்மாவை எழுப்பிக் கொடு. வீட்டில் கருவாட்டுக் குழம்பு கொதித்தபோதுகூட மோர் ஊற்றிச் சாப்பிட்டவன். காட்டில் பழம், கிழங்கு என்று ஒப்பேற்றிவிடலாம் என்றுதான் வந்தான். இன்று வெள்ளிக்கிழமை வேறு.

கல்லோடு கல்லை உரசி உள்ளங்கைத் தோல் உரிந்ததுதான் கண்ட பலன். கடைசியில் மாது டவுசர் பையிலிருந்து தீப்பெட்டியை எடுத்தான். சென்றாயன் முறைத்தான், ஆனால் விறகு பொறுக்கப் போனான். கொழுப்பு நெருப்பில் சொட்டிய வாசனை மூன்று பேரையும் கிட்டே இழுத்தது. மாது நேற்றிலிருந்து இரண்டு தடவை கண்ணை இருட்டுகிறதென்று உட்கார்ந்தவன். வெந்ததும் வேகாததுமாகக் கையை நீட்டினான். சென்றாயன் அந்தக் கையைத் தட்டிவிட்டான்.

"அடிச்சவன் மொதல்ல வாய் வெக்கணும். அவன் வெக்காம மத்தவன் தொடக் கூடாது. எங்கூர்ல மொசல் வேட்டைக்குப் போனா அதான் மொறை."

"இது ஒங்கூரா?"

"வேட்டைன்னா வேட்டைதான். அடிச்சவனே தூக்கிக்கிட்டு ஓடாம, பலசாலி புடுங்கித் திங்காம, இப்படித்தான்டா அந்தக் கூட்டம் பொழச்சிருக்கும். எழுதறதுக்கு இதவிட என்னா வேணும்? இந்தா சின்னப்பா." தொடைக்கறியைப் பிய்த்து இலையில் வைத்து நீட்டினான்.

சின்னப்பராஜ் வாங்கவில்லை. "நீங்க தின்னுங்கடா. எனக்கு வவுறு சரியில்ல."

"பொய் சொல்லாத" என்றான் சென்றாயன். "ராத்திரி பூரா ஒன் வவுறு கத்துனத நான்தான கேட்டுக்கிட்டுக் கெடந்தேன்."

அப்புறம் சொல்லத்தான் வேண்டியிருந்தது. நெருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னான். ஆப்ரேஷன் என்கிற இடம் வந்ததும் ஒரு குச்சியை எடுத்து நெருப்பைக் கிளறினான். மாது வேறு பக்கம் திரும்பிக்கொண்டான். சென்றாயன் நீட்டிய இலையை மெல்லக் கீழே வைத்தான்.

"மொதல்லயே சொல்லி இருக்கலாம் இல்ல?" என்றான். எரிகிற விறகை வெளியே இழுத்துப் போட்டுவிட்டு, "அப்ப வேணாம். மண்ணத் தள்ளி மூடிடலாம். சாயங்கால பஸ்ஸுல போயிடலாம்."

"நான் வேணாம்னா நீங்க ஏன்டா பட்டினி கெடக்கணும்?"

"நீ வேணாம்னா யாருக்கும் வேணாம்."

திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். வீம்புக்காகவாவது எழுந்து போயிருப்பான். சென்றாயன் நிஜமாகவே கையால் மண்ணை அள்ளத் தொடங்கினான். மாது உதடு வெளுத்துப்போய்ப் பாறையில் சாய்ந்திருந்தான். அவன் கண் மட்டும் இலையை விட்டு நகரவில்லை.

சின்னப்பராஜ் சட்டென்று இலையை இழுத்துக் கறியை வாயில் வைத்தான். ஒரே ஒரு வாய், இவர்களுக்காக, மாதாவுக்குத் தெரியாதா என்ன. கண்ணை இறுக்கிக்கொண்டு மென்றான். மற்ற இருவரும் பாய்ந்த சத்தம் கேட்டது. எலும்பு முறிகிற சத்தம் கேட்டது. மாது சிரித்தான், உயிர் வந்த சிரிப்பு.

கண்ணைத் திறந்தபோது சின்னப்பராஜின் கையில் இன்னொரு துண்டு இருந்தது. அதிலும் பாதி இல்லை. யாரும் கொடுக்கவில்லை, அவனே எடுத்திருந்தான். வாய் இன்னும் மென்றுகொண்டிருந்தது. உப்பில்லாத கறி அத்தனை ருசியாக இருந்தது.

வலது கை சிலுவை போட நெற்றிக்குப் போய் அங்கேயே நின்றது. விரலெல்லாம் கொழுப்பு. மணிக்கட்டு வழியாக முழங்கைக்கு வழிந்தது. கழுவ வேண்டுமென்றால் ஆறு வெகு கீழே, பாறைகளுக்கு அப்பால், வெயிலில் மின்னிக்கொண்டிருந்தது. அந்தக் கையை எதிலும் படாமல் தூக்கிப் பிடித்துக்கொண்டு அவன் சரிவில் இறங்க ஆரம்பித்தான்.