லோர்னா தாண்டிய பக்கங்கள்

லோர்னா கதைப்புத்தகத்தின் நான்கைந்து தாள்களைச் சேர்த்துப் பிடித்துச் சத்தமில்லாமல் புரட்டினாள். குரல் மாறாமல், துறைமுகத்திலிருந்து நேரே நடுக்கடலுக்குத் தாவி, "மேற்கே வானம் கறுத்தது" என்று வாசிக்கத் தொடங்கினாள்.

கட்டிலில் கண்மூடிக் கிடந்த அவள் கணவர் டெஸ், போர்வைக்கு வெளியே ஒரு விரலைத் தூக்கினார்.

"தாண்டிட்ட."

"இல்லையே."

"பொய் சொல்லாத, லோ. துறைமுகம் எங்க?"

அவருக்கு இரண்டு நாளாகத் தண்ணீர்கூட இறங்கவில்லை. காலையில் வந்த நர்ஸ், வாசல்வரை போய்த் திரும்பி வந்து, "மகனுக்குப் போன் பண்ணிடுங்க, லோர்னா" என்றிருந்தாள். ஹோபார்ட் நகரத்திலிருந்து மகன் கிளம்பிவிட்டான். கப்பல் கரைசேரும் கடைசிப் பக்கத்தைக் கேட்காமல் இந்த மனுஷன் போய்விடக் கூடாதே என்பதுதான் லோர்னாவின் அவசரம்.

அது அவருடைய புத்தகம். சிங்கி இறால் பருவம் முடிந்து, கூண்டுகளைக் கரையேற்றிய கையோடு அடுப்பருகே உட்கார்ந்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்துவிடுவார், வருஷா வருஷம். லோர்னாவோ நூலக வண்டி வந்தால் புதிதாய் ஒரு கூடை அள்ளி வருகிறவள். எதையும் இரண்டாம் முறை தொட்டதில்லை. "படிக்காதது மலையாக் கெடக்கு, நீ அரைச்ச மாவையே அரைக்கிற" என்பாள். "அரைக்க அரைக்கத்தான் மாவு நைசாகும்" என்பார் அவர்.

இந்த ஒன்றை மட்டும் அவள் மறுபடி தொடாததற்கு வேறு காரணம் இருந்தது. இருபது வயதில், மீனவர் மன்றத்து நடனத்தன்று, டெஸ் அவளுக்கு இரவல் கொடுத்த புத்தகம். ஒரே மூச்சில் படித்துக் கதையில் வரும் கப்பல் கேப்டன்மேல் காதல்கொண்டாள். கேப்டன் கிடைக்கிற ஆளில்லை என்பதால் டெஸ்ஸைக் கட்டிக்கொண்டாள். அந்த ருசியைக் கெடுத்துக்கொள்ள அவளுக்குப் பயம்.

பயந்தபடியேதான் ஆயிற்று. டெஸ்ஸின் பார்வை போன பிறகு, இந்த வாரம் உரக்க வாசிக்க வாசிக்க, கேப்டன் நாளுக்கு நாள் சிறுத்துப்போனான். நேற்று அவளால் பொறுக்க முடியவில்லை.

"இவன் சரியான பீத்தல்காரன், டெஸ்."

"எனக்கு எப்பவோ தெரியும்."

"அப்புறம் எதுக்குத் திரும்பத் திரும்பப் படிச்ச?"

"அந்த எடம் இன்னும் வரல. நீ படி."

இப்போது அவள் தாண்டியதுதான் அந்த இடமோ? பின்னோக்கிப் புரட்டினாள். இருபது வயதிலும் புயலுக்கு ஓடுகிற வேகத்தில் இதே பக்கங்களைத் தாண்டியது நினைவு வந்தது.

கேப்டனின் மனைவி. கதையில் அவளுக்குப் பெயர்கூட இல்லை. குழந்தைக்குப் பல் முளைத்ததையும் விழுந்ததையும் கடலைப் பார்த்துத்தான் சொல்கிறாள். வருஷங்கள் கழித்து வந்த கேப்டனைப் பார்த்துக் குழந்தை அவள் பாவாடைக்குள் ஒளிகிறது. "யாரும்மா இது?"

லோர்னா வாசிப்பதை நிறுத்திப் புத்தகத்தை மடியில் சாய்த்தாள்.

"தென்கடல் கப்பல் வேலை ஞாபகம் இருக்கா?" என்றார் டெஸ்.

மறக்குமா? மகன் வயிற்றில் இருந்தபோது வந்த வேலை. போனால் மாசக்கணக்கில் கடல்தான், ஆனால் கை நிறையச் சம்பளம். சரியென்றவர், கடைசி நேரத்தில் மாட்டேன் என்றுவிட்டார். கூரை ஒழுகிய மழைக்காலங்களில் எல்லாம் லோர்னா அதைக் குத்திக்காட்டியிருக்கிறாள். "கரையைக் கட்டிக்கிட்டு அழுற கோழை" என்றுகூட ஒருமுறை வாய்விட்டுச் சொன்னாள்.

"அதுவரைக்கும் இதப் படிக்கிறப்பல்லாம் நான்தான் கேப்டன்," மூச்சு வாங்க வாங்கச் சொன்னார். "அந்தக் குளிர்காலம் இந்தப் பொம்பள கண்ணுல பட்டா. வேலைய வேணாம்னுட்டேன்."

"இத்தன வருஷம் வாயத் தெறக்கலையே, கெழவா!"

"என்னிக்காவது நீயே படிப்பன்னு நெனச்சேன்."

ஒவ்வொரு சாயங்காலமும் பின்வாசலில் அவர் ரப்பர் பூட்ஸைக் கழற்றும் சத்தம். கூண்டு இரையின் நாற்றம். "சூப் இருக்கா?" என்கிற கேள்வி. மகனுக்கு முளைத்த முதல் பல்லை, அன்றைக்கே தன் விரலால் தடவிப் பார்த்துச் சிரித்த முகம். இத்தனையும் எனக்குக் கிடைத்ததே என்று அவள் நெஞ்சு நிறைந்தது. அந்தக் கையை எடுத்து முத்தமிட்டாள்.

"ரொம்ப நன்றி, டெஸ்."

"படி. புயல் நல்லா இருக்கும்."

படித்தாள். பாய்மரம் முறிந்த இடத்தில் அவர் மூச்சு நின்றது. நிமிர்ந்து பார்க்காமலே அவளுக்குத் தெரிந்தது. அவள் நிறுத்தவில்லை, ஒரு வரி தாண்டவுமில்லை. கப்பல் கரைசேரும்வரை உரக்க வாசித்தாள்.

வெளியே சரளைக்கல்லில் மகனின் கார் வந்து நிற்கும் சத்தம் கேட்டது.

டெஸ் அடையாளத்துக்கு வைக்கும் நீலக் கயிற்றுத் துண்டு, கூண்டுக் கயிற்றில் வெட்டியது, போர்வைமேல் கிடந்தது. லோர்னா அதை எடுத்து, முதல் பக்கத்தில் வைத்துப் புத்தகத்தை மூடினாள்.