சூப் ஆறும்வரை எழாதவள்

1

எரிச்சலில் பிறந்த கதை இது. டன்ஸ்பரி சந்தைத் திடலுக்கு எதிரே உள்ள 'கருப்புக் காளை' விடுதியின் இன்றைய முதலாளி கேவின் திரிப், மெனு கார்டின் பின்பக்கத்தில் போட விடுதியின் வரலாறு எழுதித் தரச்சொல்லி என்னிடம் கேட்டார்.

"குதிரைவண்டிக் காலம், அன்பான உபசரிப்பு... இந்த ஊர்க்காரி நீங்க, உங்களுக்குத் தெரியாததா? கொஞ்சம் இனிப்பா எழுதுங்க வின்னி."

2

பனி கொட்டிய மாலையில் விடுதியின் சன்னல்கள் பொன்னாய் ஒளிர, களைத்த பயணிகள்...

(வேண்டாம். வண்டிக் கூரைமேல் நனைந்து வந்தவர்களுக்குச் சன்னல் ஒளிர்ந்தால் என்ன, அணைந்தால் என்ன?)

நடந்ததைச் சொல்கிறேன். லண்டன் வண்டி இங்கே குதிரை மாற்றும். அதற்குள் பயணிகள் சாப்பிட வேண்டும். காசை முதலிலேயே வாங்கிக்கொண்டு, வாயில் வைக்க முடியாத சூட்டில் சூப் கொண்டுவருவார்கள். ஊதி ஆற்றுவதற்குள் வண்டி புறப்படும் கொம்பு ஒலிக்கும், எல்லோரும் ஓடுவார்கள். தொடாத இறைச்சி அடுத்த வண்டிப் பயணிகளுக்கு. உபசரிப்பு!

3

டார்கஸ் பெல் ஒரு சமையற்காரி. ஒரு வீட்டில் புது வேலையில் சேரப் போய்க்கொண்டிருந்தாள். (அவள் எழவில்லை என்பது மட்டும் ஊர்ப்பேச்சு. மற்றதெல்லாம் நான் சேர்த்தது.) கொம்பு ஒலித்தது.

"வண்டி போயிரும், எந்திரி" என்றான் விடுதிக்காரன் ஹக்ஸ்டபிள்.

"போகட்டும்யா. அடுப்படியிலயே கெடந்தவ நான். வேணும்னே கொதிக்கவிட்ட சூப் எனக்குத் தெரியாதா?"

வாசலுக்கு ஓடியவர்களைப் பார்த்துக் கத்தினாள்: "நீங்களும் உக்காருங்க! எல்லாரும் உக்காந்துட்டா வண்டி யாரை ஏத்திக்கிட்டுப் போகும்?"

யாரும் உட்காரவில்லை. [ஒரு பாதிரியாரையாவது உட்காரவைக்கலாம் என்று எழுதிப் பார்த்தேன். பொய்யாக இருந்தது. அடித்துவிட்டேன்.]

அவள் பெட்டியோடு வண்டி போய்விட்டது. டார்கஸ் சூப்பையும் ஆட்டிறைச்சியையும் நிதானமாகச் சாப்பிட்டு முடித்தாள். பிறகு மழையில் நடந்தாள். போய்ச் சேர்ந்தபோது அந்த வீட்டு அடுப்படியில் வேறொருத்தி நின்றிருந்தாள்.

4

கேவின் படித்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். "பாவமா இருக்கே. ஹக்ஸ்டபிளுக்கே அவளைக் கட்டிவெச்சிருங்களேன். இங்கேயே சமைச்சான்னு போட்டா நம்ம 'பை' பலகாரம் நல்லா விக்கும்."

"அவ சோத்தைத் திருடுனவன்ங்க அவன்!"

"எரநூறு வருஷம் ஆச்சு. இன்னும் என்ன கோபம் உங்களுக்கு?"

கல்யாணத்தை அவரே எழுதி அச்சடித்துவிட்டார். போய்ப் பாருங்கள், கார்டின் பின்பக்கத்தில் பன்றி இறைச்சி 'பை' விளம்பரத்துக்கு மேலே இருக்கிறது.

5

டார்கஸ் பிறகு என்ன ஆனாள்? எனக்குத் தெரியாது. வேறு வீடு கிடைத்ததென்றோ சாலையோரம் விழுந்தாளென்றோ சொல்லி உங்களைத் தூங்கவைக்கப் போவதுமில்லை. அவள் கத்தியபோது வாசலில் நின்ற கூட்டத்தில் உங்களையும் நிறுத்தியிருக்கிறேன். உங்கள் கால் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை நீங்களே எழுதிக்கொள்ளுங்கள்.