அடுத்த ஆள் வந்தால்தான் சாப்பாடு

1

இந்தக் கதை பசியில் பிறந்தது என்று சொன்னால் நீங்கள் மரியாதையோடு நிமிர்ந்து உட்காருவீர்கள். உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அது வெறும் ஒரு மணி ஐம்பது நிமிடப் பசி. இருநூற்றுப் பதினான்கு பேருடையது. அதில் நானும் ஒருவன். பெயர் பொன்னுசாமி.

தொடக்கத்தை இப்படி எழுதிப் பார்த்தேன்:

மூக்கண்டப்பள்ளியின் தகரக் கூரைகளின் மேல் வெயில் உருகி வழிந்த அந்த நண்பகலில், விதி தன்

விதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. அன்றைக்கு வெயிலும் இல்லை, தூறல். அடித்துவிட்டேன்.

2

1993, ஜூலை. ஓசூரை அடுத்த மூக்கண்டப்பள்ளியில் டேபிள் ஃபேன் மோட்டார் செய்யும் ஒரு தொழிற்சாலை. (பெயர் வேண்டாம். இன்னும் அங்கேதான் வேலை பார்க்கிறேன்.) கம்ப்யூட்டர் அறையில் இரண்டே பேர். ஜோதிமணி புரோகிராம் எழுதுவார். அருப்புக்கோட்டைப் பக்கத்துப் பெண், வேலைக்குச் சேர்ந்து ஆறு மாதம் முடியப்போகிறது, வேலை நிரந்தரமாகும் கடிதத்துக்காகக் காத்திருந்தார். அவர் தாளில் எழுதித் தருவதை மெஷினில் தட்டி ஏற்றுவது என் வேலை. நானும் தற்காலிகம்தான்.

3

இங்கே கொஞ்சம் கம்ப்யூட்டர் வருகிறது. பயப்படாதீர்கள், பின்னாலேயே சோறும் வருகிறது.

எங்களிடம் இரண்டு மெஷின்கள் இருந்தன. ஒன்று வாசல் கேட்டில். ஆள் உள்ளே நுழைந்ததும் வாட்ச்மேன் சென்னப்பன் அவர் அட்டை எண்ணைத் தட்டுவார். மெஷின் அதற்கு வரிசை எண் போட்டு ஒரு பதிவேட்டில் எழுதிக்கொள்ளும். இன்னொரு மெஷின் கேன்டீனில். கேட்டில் எழுதிய பதிவேடு ஒரு கம்பி வழியாக அதற்கு வந்து சேரும். அது ஒவ்வொரு வரியாகப் படித்து, கேட்டில் நடந்ததைத் தன்னிடமும் அதே வரிசையில் ஒருமுறை நடத்திப் பார்த்துக்கொள்ளும். கல்யாணத்துக்குப் போகாதவர் வீடியோ கேசட்டில் முகூர்த்தம் பார்ப்பதைப் போல.

கம்பியோ மெதுவானது. கேசட் ஓடி முடியுமுன் ஆள் தட்டோடு வந்து நின்றால், "நீ இன்றைக்கு வேலைக்கே வரவில்லை" என்று மெஷின் சொல்லிவிடும். அதனால் சாப்பாட்டுச் சீட்டு அடிக்குமுன், கேட்டில் கடைசியாக எழுதிய எண் வரை இங்கேயும் நடந்துவிட்டதா என்று பார்த்து, நடக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

இந்தக் காத்திருக்கும் வேலையை ஜோதிமணிக்கு முன்பிருந்தவர் மூன்று இடங்களில் மூன்று விதமாக எழுதி வைத்திருந்தார். சாப்பாட்டுக்கு ஒன்று, டீக்கு ஒன்று, ஓவர்டைம் போண்டாவுக்கு ஒன்று.

"காத்திருக்கிறதுக்கு மூணு விதம் எதுக்குண்ணே? எல்லாத்தையும் எடுத்து ஒரே எடத்துல வச்சிருவோம். வேணுங்கிற புரோகிராம் அங்க வந்து காத்திருக்கட்டும்" என்றார் ஜோதிமணி.

பதினோரு தாள்களில் அழகாக எழுதித் தந்தார். சனிக்கிழமை நான் தட்டி முடித்தேன். ஓட்டிப் பார்க்க ஒரு நாள் வேண்டும் என்று ஜோதிமணி மேனேஜர் அண்ணாதுரையிடம் கேட்டார். திங்கட்கிழமை தலைமை அலுவலகத்திலிருந்து இரண்டு பேர் கம்ப்யூட்டர் கேன்டீனைப் பார்க்க வருவதாகவும், புதியதைத்தான் காட்ட வேண்டும் என்றும் அவர் சொல்லிவிட்டார்.

4

திங்கட்கிழமை, பன்னிரண்டரை. கேன்டீனில் கெம்பம்மா களி உருண்டைகளை அடுக்கி வைத்திருந்தார். கெம்பம்மாவுக்கு ஓசூர்தான் ஊர். கோபம் வந்தால் கன்னடமும் வந்துவிடும். முதல் ஆள் தன் எண்ணைத் தட்டினான். திரையில் 'தயவுசெய்து காத்திருக்கவும்'. காத்திருந்தான். அவன் பின்னால் இருநூறு தட்டுகள் காத்திருந்தன.

(களி ஆறியதை வர்ணித்து இங்கே ஒரு பத்தி எழுதியிருந்தேன். படித்ததும் எனக்கே பசித்தது. எடுத்துவிட்டேன்.)

"ஏனம்மா ஜோதி, யாருக்கோசரம் வெயிட் பண்ணுது இது?" என்றார் கெம்பம்மா.

ஜோதிமணி திரையைப் பார்த்தார். "எரநூத்திப் பதினஞ்சுக்கு. கேட்ல எரநூத்திப் பதினாலு பேர்தான் வந்திருக்காங்க."

"யாரு அந்த எரநூத்திப் பதினஞ்சு?" என்றார் அண்ணாதுரை.

"மாடசாமி ஒருத்தன்தான் சார் வரல. லீவு. பொன்னுக்கு வீங்கி" என்றார் சென்னப்பன்.

"கூட்டிட்டு வாங்க."

"சார், அது ஆளத் தேடல, நம்பரத் தேடுது. எங்கயோ தப்பு இருக்கு. ஒரு அரை மணி நேரம் குடுங்க, பாத்துச் சொல்றேன்" என்று ஜோதிமணி கெஞ்சினார். மாடசாமியைக் கூட்டிவரக் கம்பெனி வேன் அதற்குள் கிளம்பிவிட்டது.

மாடசாமி திருநெல்வேலிக்காரர். இரண்டு கன்னமும் வீங்கி, தலையைச் சுற்றித் துண்டு கட்டிக்கொண்டு வந்து இறங்கினார். கண்கள் கலங்கியிருந்தன.

"நான் வராம ஒரு ஆளும் சாப்பிட மாட்டேன்னு நிக்கியளாமே. நாலு வருசமா வேல பாக்கேன், எம்மேல இவ்வளவு பிரியம் வச்சிருக்கியன்னு தெரியாமப் போச்சே!"

யாருக்கும் உண்மையைச் சொல்ல மனம் வரவில்லை. சென்னப்பன் அவர் எண்ணைத் தட்டினார். கேன்டீனில் 'டர்ர்' என்று ஒரு சீட்டு வந்தது. எல்லோரும் கை தட்டினோம். மாடசாமி கும்பிட்டார். இரண்டாவது ஆள் தன் எண்ணைத் தட்டினான்.

தயவுசெய்து காத்திருக்கவும். இம்முறை இருநூற்றுப் பதினாறுக்கு.

"நான் வேணா இன்னொருக்கா வெளிய போயிட்டு வரட்டா?" என்றார் மாடசாமி.

போய்விட்டு வந்தார். இன்னொரு சீட்டு வந்தது.

"சார், ஒரு ஆளு கேட்டுல நுழைஞ்சா ஒரு சீட்டு வரும்போல இருக்குதுங்க" என்றார் சென்னப்பன்.

அப்படித்தான் அந்த ஊர்வலம் தொடங்கியது. கேன்டீனுக்குப் பின்னாலிருக்கும் சின்னக் கதவு வழியே வெளியேறி, மதில் ஓரமாகத் தூறலில் நடந்து, முன்வாசலில் நுழைந்து, எண்ணைச் சொல்லிவிட்டு மறுபடி கேன்டீன். ஒருவர் சுற்றி வந்தால் ஒருவருக்குச் சாப்பாடு. தலைமை அலுவலகக் கார் வந்து நின்றபோது, தட்டைத் தலைக்குமேல் குடையாகப் பிடித்துக்கொண்டு இருநூறு பேர் சுற்றிக்கொண்டிருந்தார்கள்.

"என்ன இது?" என்றார் வந்தவர்களில் ஒருவர்.

"எக்சர்சைஸ் சார். சாப்பாட்டுக்கு முன்னாடி தினமும்" என்றார் அண்ணாதுரை.

மிகவும் பாராட்டத்தக்கது என்று அவர்கள் அறிக்கையில் எழுதினார்கள்.

5

இந்த இடத்தில் அண்ணாதுரை மேல் எனக்குச் சந்தேகம் வருகிறது. சிரிப்பு வரவேண்டும் என்று அவரை முட்டாளாக்கிவிட்டேனோ? அவரும் மூன்று சுற்று நடந்தார். மூன்று சீட்டையும் மோட்டாருக்குக் கம்பிச்சுருள் சுற்றும் பிரிவுப் பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, தான் சாப்பிடாமல் போனார். இது கதைக்கு உதவாது. ஆனால் நடந்தது.

இரண்டு இருபதுக்குக் கெம்பம்மா கரண்டியோடு எழுந்து வந்தார். அதுவரை எழுபத்தொரு பேர்தான் சாப்பிட்டிருந்தார்கள்.

"சாக்கு, போதும்! இந்தப் பொட்டி சாயங்காலம் மட்டுக்கும் வெயிட் பண்ணட்டும். களி வெயிட் பண்ணாது. வாங்கப்பா எல்லாரும்" என்று பிளக்கைப் பிடுங்கிவிட்டார்.

எல்லோரும் சாப்பிட்டோம்.

6

மாலைக்குள் ஜோதிமணி தப்பைக் கண்டுபிடித்துவிட்டார். கேட் மெஷினிடம் எண் கேட்டால் அது கடைசியாக எழுதியதைச் சொல்லாது, அடுத்து எழுதப்போவதைச் சொல்லும். அதிலிருந்து ஒன்றைக் கழிக்க வேண்டும். பழைய புரோகிராமில் மூன்று இடத்திலும் அந்த வரி இருந்தது. புதியதில் அது இல்லை. அதனால் கேன்டீன் மெஷின் இன்னும் நடக்காத ஒன்றுக்காகக் காத்திருந்திருக்கிறது.

"எடம் மாத்தும்போது நாந்தான் சார் ஒரு வரிய விட்டுட்டேன்" என்று மேனேஜர் முன்னால் நின்றார். மெமோ கொடுத்தார்கள். நிரந்தரக் கடிதம் மூன்று மாதம் தள்ளிப்போனது. அடுத்த இரண்டு மூன்று வாரத்தில் அண்ணாதுரை உட்பட ஒன்பது பேருக்குப் பொன்னுக்கு வீங்கியும் வந்தது.

இதோடு கதையை முடித்து வார இதழுக்கு அனுப்பியிருக்கலாம். நல்ல நகைச்சுவைக் கதை. ஆனால் மறுநாள் காலை என் மேசை இழுப்பறையில் அந்தப் பதினோரு தாள்களும் இருந்தன. ஏழாம் பக்கத்தில் அந்த வரியும் இருந்தது. ஒன்றைக் கழி. அடியில் இரண்டு கோடு வேறு.

தட்டும்போது தாண்டிப் போனது என் கண்.

(மேலே இருக்கும் ஐந்து சொற்களை எழுத எனக்கு ஐந்து வருடம் ஆயிற்று.)

ஏழாம் பக்கத்தை மட்டும் மடித்து எடுத்துக்கொண்டு போய்க் கெம்பம்மாவின் அடுப்பில் போட்டேன். அவர் டீ கொடுத்தார்.

7

போன மாதம் ஓசூர் பேருந்து நிலையத்தில் ஜோதிமணியைப் பார்த்தேன். இப்போது பெங்களூரில் பெரிய வேலை. அவருக்குக் கீழே பன்னிரண்டு பேர்.

"புதுசா வர்ற பிள்ளைகளுக்கு அந்தக் கேன்டீன் கதையத்தான் சொல்வேண்ணே. நான் ஒரு வரிய விட்டதுல எரநூறு பேர் மழையில நடந்தாங்க, அதனால எதையும் எடுத்து வைக்கும்போது எண்ணிப் பாருங்கன்னு. நீங்க கதை எழுதுறீங்களாமே, இத எழுதுங்க. எம் பேரையே போட்டுக்கங்க. தப்பு நான் பண்ணதுதானே."

பேருந்தில் ஏறிவிட்டார்.

முடிவு ஒன்று: ஜன்னலருகே ஓடிப்போய் உண்மையைச் சொன்னேன், அவர் சிரித்துவிட்டார். (எனக்கு ரொம்ப மலிவாக முடிகிறது.)

முடிவு இரண்டு: கேட்டதும் இறங்கி வந்து குடையால் என்னை அடித்தார். (பிடித்திருக்கிறது. ஆனால் அவரிடம் குடை இல்லை.)

முடிவு மூன்று: அவருக்கு எல்லாம் முன்பே தெரிந்திருந்

இல்லை. தெரியாது. அவர் அதை நம்பித்தான் சொன்னார்.

நடந்தது இதுதான்: கையசைத்தேன், பேருந்து போய்விட்டது. நேற்று ஓர் இன்லண்ட் லெட்டர் வாங்கி அவர் முகவரியை எழுதினேன். உள்ளே இவ்வளவு இருக்கிறது:

அன்புள்ள ஜோதிமணி, நலம். அன்றைக்கு அந்த ஏழாம் பக்கத்தில்

இதற்குமேல் எனக்கு வரவில்லை. அடுத்த சொல்லை நீங்கள் சொல்லுங்கள். இந்த முறை ஒன்றுகூட விடாமல் எழுதிக்கொள்கிறேன்.