பெயரில்லாத காகிதம்

பதினான்கு வருடம் நான் பிள்ளைகளுக்கு நன்னடத்தை வழங்கிக்கொண்டிருந்தேன். தஞ்சாவூரில் அரசு உதவி பெறும் ஒரு பள்ளியின் அலுவலகத்தில் உதவியாளர் வேலை. டி.சி. எழுதுவது என் பொறுப்பு. அதில் ‘நடத்தையும் பண்பும்’ என்று ஒரு கட்டம் இருக்கும். ஜன்னல் கண்ணாடியை உடைத்தவனுக்கும் ‘நன்று’, ஏழு வருடம் வாயே திறக்காமல் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தவளுக்கும் ‘நன்று’. ஒரு மே மாதம் அப்படி எழுதிக்கொண்டே போகும்போது கை நின்றுவிட்டது. அந்தப் பிள்ளை யாரென்றே எனக்குத் தெரியாது. எனக்கு முப்பத்தேழு வயது. ஓய்வு பெற இன்னும் இருபத்து மூன்று வருடம். பயமாக இருந்தது.

அதற்காக நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து வந்துவிடவில்லை. நான் அவ்வளவு தைரியசாலி கிடையாது. அதற்கு முன்பே இரண்டு வருடமாக சனி, ஞாயிறுகளில் கம்பெனிகளுக்குத் தமிழில் எழுதிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். அரிசி ஆலையின் வெப்சைட், பல் ஆஸ்பத்திரியின் நோட்டீஸ், மொபைல் ஆப்பில் வரும் இரண்டு வரிச் செய்திகள். யாரும் ரசித்துப் படிக்கிற எழுத்தில்லை. ஆனால் ஒவ்வொன்றையும் யோசித்து எழுத வேண்டியிருந்தது. அது எனக்குப் பிடித்திருந்தது. ஜூன் மாதம் ராஜினாமா கொடுத்தேன்.

வீட்டில் நானும் அப்பாவும் மட்டும்தான். அப்பா ஆசீர்வாதம், ரயில்வேயில் முப்பத்து நாலு வருடம் இருந்து, பூதலூரில் ஸ்டேஷன் மாஸ்டராக ஓய்வு பெற்று, அங்கேயே வீடு கட்டிக்கொண்டவர். அம்மா நான் பதினோராம் வகுப்பு படிக்கும்போதே போய்விட்டாள். தம்பி எல்வின் சென்னையில். எனக்குக் கல்யாணம் அமையவில்லை. அதற்கான காரணங்களை அறிந்தவர்கள் எங்கள் சபையில் நிறையப் பேர் இருக்கிறார்கள், நான் வேறு சொல்ல வேண்டியதில்லை.

அப்பா பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். சொன்னேன்.

“வேலைய விட்டுட்டேன்பா. இனிமே வீட்லேருந்தே எழுதப் போறேன்.”

பேப்பரை நாலாக மடித்து வைத்தார். “யாரைக் கேட்டு?”

“யாரையும் கேக்கல.”

அவர் கத்துவார் என்று நினைத்து, அதற்கெல்லாம் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவர் கத்தவில்லை.

“எனக்கப்புறம் உனக்கு யாரு இருக்கா? அந்தச் சம்பளம்தானே இருந்துச்சு.”



அடுத்த ஞாயிறு தஞ்சாவூரில் ஆராதனை முடிந்து வெளியே வரும்போது ஃபிளோரா அத்தை பிடித்துக்கொண்டார். அப்பாவின் ஒன்றுவிட்ட தங்கை. சபையில் யார் வீட்டில் என்ன குழம்பு என்பது வரை அவருக்குத் தெரியும்.

“என்னண்ணே, பிரின்ஸிய பள்ளிக்கூடத்துல காணோங்கிறாங்க?”

“லீவுல இருக்கா” என்றார் அப்பா, என் பக்கம் திரும்பாமல்.

பொய் சொல்லாத மனிதர். அன்றைக்குச் சொன்னார். அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் அத்தை, “லீவு எப்பம்மா முடியுது?” என்று கேட்பதும், நான் அப்பாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரித்து மழுப்புவதும் வழக்கமாகிவிட்டது. எந்தப் பள்ளிக்கூடமும் தராத நீண்ட விடுப்பை அப்பா எனக்குத் தந்திருந்தார். எனக்குக் கோபம்தான். அதைவிட, வெட்கப்படும்படி நான் என்ன செய்துவிட்டேன் என்ற துக்கம்.

முன்னறையில் மேஜை போட்டுக்கொண்டு காலை ஒன்பதிலிருந்து ஐந்து வரை எழுதுவேன். வீட்டிலிருக்கிறவள் சும்மா இருக்கிறவள் என்று தெருவே முடிவு செய்திருந்தது. நாலு வீட்டு கேஸ் சிலிண்டரையும் நான்தான் வாங்கி வைத்தேன்.

பக்கத்து வீட்டு அமிர்தலிங்கம் மாமா வயலுக்குப் புது மோட்டார் வாங்கினார். அந்தப் பெட்டிக்குள் இருந்த சின்னப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு அப்பாவிடம் வந்தார்.

“எஸ்.எம். சார், இதுவரைக்கும் இந்த மாதிரி புஸ்தகம் ஒண்ணுகூட எனக்குப் புரிஞ்சதில்ல. இதுல பாருங்க, தண்ணி இல்லாம ஓட்டுனா என்ன ஆகும், ஏன் ஆகும்னு எவ்வளவு தெளிவா போட்டிருக்கான்.”

அட்டையைப் பார்த்ததும் தெரிந்துவிட்டது. கோயம்புத்தூர் கம்பெனிக்காக நான் எழுதியது. மூன்று வாரம் ஒரு மெக்கானிக்கைப் போனில் துளைத்து எழுதினேன்.

“போட்டிருக்கான் இல்ல மாமா. போட்டிருக்கா. நான்தான் எழுதுனேன்” என்றேன். குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.

மாமா என்னையும் புத்தகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். அப்பா கை நீட்டி அதை வாங்கினார். உள்ளே பிரிக்கவேயில்லை. முன் அட்டை, பின் அட்டை, அதன் அடி மட்டும் பார்த்தார்.

“பேரு எங்க?”

“இதுல பேரெல்லாம் போட மாட்டாங்கப்பா. கம்பெனி பேருதான் இருக்கும்.”

“பேரில்லாத காகிதத்த நான் எதுக்குப் படிக்கணும்?” என்று மாமாவிடமே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

இது வீம்பு மட்டுமில்லை. அப்பா முப்பத்து நாலு வருடம் கையெழுத்தை நம்பி வாழ்ந்தவர். எந்த ரயில் எத்தனை மணிக்கு வந்தது, யார் சிக்னல் கொடுத்தது, எல்லாம் ரிஜிஸ்தரில் ஏறும். எழுதியவர் யார் என்று இல்லாத வரி அவரைப் பொறுத்தவரை எழுதப்படாத வரி. ஷிஃப்ட் முடியும்போது உதவி மாஸ்டர் எழுதியதை முதல் வரியிலிருந்து படிப்பார். பிறகு கீழே, ‘படித்துப் பார்த்தேன். சரியாக உள்ளது’ என்று எழுதி, கையெழுத்திட்டு, நேரம் போடுவார். படிக்காமல் ஒருநாளும் போட்டதில்லை. சின்ன வயதில் நாங்கள் ரேங்க் கார்டு நீட்டினாலும் அதே வரிதான். எல்வின் கணக்கில் இருபத்திரண்டு வாங்கியபோதும் ‘சரியாக உள்ளது’ என்று எழுதிக் கையெழுத்திட்டார். மார்க்கைச் சொல்லவில்லை, கூட்டலைச் சொல்கிறேன் என்றார்.

அடுத்த வருடம் அப்பாவுக்கு இதயம் பழுதாகிவிட்டது. வால்வு சரியில்லை, இந்த வயதில் அறுக்க முடியாது, மாத்திரையோடு காலத்தை ஓட்டுங்கள் என்றார்கள். அந்த நாட்களில் அவருடைய ரயில்வே நண்பர் ஒருவர் இறந்தார். எங்கள் லுத்தரன் சபையில் அடக்க ஆராதனையின் நடுவே இறந்தவரின் வாழ்க்கைக் குறிப்பை வாசிப்பார்கள். எப்போது பிறந்தார், எப்போது ஞானஸ்நானம், எங்கே வேலை, பிள்ளைகள் யார், அவர்கள் என்ன செய்கிறார்கள், எல்லாம் இரண்டு பக்கத்தில். போதகர்தான் வாசிப்பார். போதகரை நாங்கள் ஐயர் என்று சொல்வோம். புதிதாகக் கேட்பவர்கள் குழம்பிப் போவார்கள்.

அப்பா வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றவில்லை.

“அவன் கல்யாணம் பண்ணுன வருஷத்தப் பாத்தா அவனுக்கு ஒன்பது வயசுன்னு வருது. பாதிக்கு மேல மகனோட பெருமை. செத்தவன் எழுந்து வந்து திருத்தவா முடியும்?” பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கிக்கொண்டு, “என்னோடத இப்பவே அடிச்சு வெச்சிடு. உனக்குத்தான் டைப் அடிக்கத் தெரியுமே” என்றார்.

டைப் அடிக்க. ஒன்றரை வருடத்தில் என் தொழிலைப் பற்றி அவர் சொன்ன நல்ல வார்த்தை அதுதான்.

ஐப்பசி மழை. மூன்று நாள் மத்தியானம் அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். பிறந்த தேதி, வேலை பார்த்த பதினோரு ஸ்டேஷன்கள், ஒவ்வொன்றிலும் சேர்ந்த தேதி, விட்ட தேதி. அம்மாவிடம் வந்தபோது, “இரண்டாயிரத்து ஒண்ணு, மார்ச் ஒன்பது, கர்த்தருக்குள் நித்திரையடைந்தார்” என்று ஒரே வரியில் முடித்துவிட்டு அடுத்ததுக்குப் போனார்.

நான் போகவில்லை. அந்த நாள் எனக்குத் தெரியும். தஞ்சாவூர் ஆஸ்பத்திரி வராந்தாவில் எல்வினைப் பிடித்துக்கொண்டு நாலு மணி நேரம் நின்றேன். இரண்டு ஸ்டேஷன் தள்ளித்தான் அப்பாவுக்கு வேலை. அவர் வரவில்லை. அந்த நாலு மணி நேரத்தை நான் இருபத்திரண்டு வருடமாக மன்னிக்கவில்லை.

“அன்னிக்கு ஏன்பா வரல?”

“ரிலீவர் வரல.” ஜன்னல் பக்கம் பார்த்தார். “ரெண்டு வண்டி லைன்ல இருந்துச்சு.”

“சேதி எப்ப வந்துச்சு?”

“பத்தே காலுக்கு.”

அவர் கை வேட்டியின் ஓரத்தைத் திரும்பத் திரும்ப நீவிக்கொண்டிருந்தது.

பிறகு பிள்ளைகள். “மகன் எல்வின், சென்னையில் இன்ஜினியர். மகள் பிரின்ஸி, பள்ளி அலுவலகத்தில் உதவியாளர்.”

கையை எடுத்துவிட்டேன். “அது பொய்ப்பா.”

“லீவுல இருந்தாலும் உதவியாளர்தான்.”

“நான் லீவுல இல்ல. என் வேலை எழுதுறது. அதப் போடுங்க.”

அவர் எழுந்து ஜன்னலைச் சாத்தினார். “அத வாசிச்சா அங்க யாருக்கு என்ன புரியும்? வெறும் பேர மட்டும் போடு.”

மகள் பிரின்ஸி. முற்றுப்புள்ளி. அடித்தேன். ஒரு மனிதரின் மொத்த வாழ்க்கையில் எனக்கு ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. எழுந்து போய்ச் சமையலறையில் நின்று அழுதேன். சொல்வதற்கு வெட்கமில்லை.

நாலாம் நாள் அவர் சொன்னதையெல்லாம் ஒழுங்குபடுத்தி எழுதினேன். தேதி ஒன்றையும் மாற்றவில்லை. அம்மாவைப் பற்றிய இடத்தில் மட்டும் என்னுடையதைச் சேர்த்தேன்: ‘மனைவி இறந்த செய்தி காலை பத்தே காலுக்கு வந்தது. மாற்று ஆள் வரும்வரை, முன்பின் தெரியாத இரண்டு ரயில் நிறையப் பயணிகளைப் பத்திரமாக அனுப்பிவிட்டுத்தான் அவர் ஆஸ்பத்திரிக்கு வந்தார். அந்த நான்கு மணி நேரத்தை அவர் யாரிடமும் சொன்னதில்லை.’ எழுதி முடித்தபோது ஆஸ்பத்திரி வராந்தாவில் நின்ற பெண்ணுக்குக் கொஞ்சம் கோபம் தணிந்திருந்தது. அவர் எங்கே நின்றுகொண்டிருந்தார் என்று இப்போதுதான் பார்த்தாள்.

பிரிண்ட் எடுத்துக் கொடுத்தேன். அப்பா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வாசித்தார். அந்த இடத்தில் நின்றார்.

“இது நான் சொல்லலையே.”

“சொல்லலைதான். எடுத்துடவா?”

காகிதத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். “இருக்கட்டும்” என்றார் கடைசியில். பிறகு அதைக் கொண்டுபோய் பென்ஷன் காகிதங்கள் இருக்கும் ஃபைலில் வைத்தார். நான் அதன் பிறகு அதைப் பார்க்கவில்லை.

தை மாதம், சம்பா அறுவடை மெஷின்கள் ரோட்டை அடைத்துக்கொண்டு போகிற ஒரு காலை, காபியைக் குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தவர் நிமிரவில்லை. எனக்குக் கண்ணீர் வரவில்லை. ஆம்புலன்ஸ், டாக்டர், போன் என்று ஏதோ ஆபீஸ் வேலை போலச் செய்துகொண்டிருந்தேன். எல்வின் வந்து நேராக ஃபைலைத் திறந்து காகிதத்தை எடுத்தான்.

“குடு, ஒரு தடவ பாத்துடுறேன்” என்றேன்.

“இல்லக்கா. நேரா ஐயர் கைல குடுக்கச் சொல்லியிருக்காரு. உன்கிட்ட குடுத்தா திருத்துவியாம்.”

மறுநாள் மாலை கோயில் நிறைந்திருந்தது. பீடத்துக்கு முன்னால் அப்பாவின் பெட்டி. பள்ளிக்கூடத்திலிருந்தும் வந்திருந்தார்கள். எனக்குப் பக்கத்தில் ஃபிளோரா அத்தை. ஐயர் வந்து இரண்டு மாதம்தான் ஆகிறது, சின்ன வயது. எங்கே நிறுத்த வேண்டும் என்று தெரியாமல், காகிதத்தில் இருப்பதையெல்லாம் வாசிக்கிறவர்.

பதினோரு ஸ்டேஷன்களையும் வாசித்தார். அம்மா வந்த இடத்தில் பின்வரிசையில் அமிர்தலிங்கம் மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். “மகன் எல்வின், சென்னையில் இன்ஜினியர். மகள் பிரின்ஸி” என்றவர் நின்றார். வரி விட்டுப்போய்விட்டதோ என்று காகிதத்தைத் திருப்பிப் பார்த்தார். பள்ளிக்கூடத்து ஆட்கள் இருந்த பக்கம் நான் பார்க்கவில்லை. ஐயர் மேலே போனார்.

முடிந்தது என்று எல்லாரும் எழப்போனார்கள். ஐயர் முடிக்கவில்லை.

“கீழே பேனாவில் எழுதியிருக்கிறது” என்றார். “மேற்கண்டதை எழுதியது என் மகள் பிரின்ஸி. முழுவதும் படித்துப் பார்த்தேன். சரியாக உள்ளது. ஆசீர்வாதம்.” கொஞ்சம் தயங்கி, “பதினாறு புள்ளி இருபது” என்று நேரத்தையும் வாசித்தார்.

பழைய ரயில்வேக்காரர்கள் இரண்டு பேர் தலையை ஆட்டிக்கொண்டார்கள். எனக்கு அப்போதுதான் அழுகை வந்தது. முகம் தெரியாத பிள்ளைகளுக்கு வருடக்கணக்காக ‘நன்று’ போட்டவளுக்கு, என் அப்பா முழுவதும் படித்துவிட்டு ஒரு வரி போட்டிருந்தார்.

ஃபிளோரா அத்தை என் முழங்கையைத் தொட்டார். “நீயா எழுதுன?”

“ஆமா அத்தை.”

“லீவுல உக்காந்து எழுதுனியா?”

“லீவு இல்ல அத்தை. வேலைய விட்டு ஒன்றரை வருஷத்துக்கு மேல ஆச்சு. இதான் என் வேலை.”

அப்பாவை வைத்துக்கொண்டு அதை நான் வெளியில் சொன்னது அதுதான் முதல் தடவை.