உங்க அம்மாட்ட சொல்லு

அம்மாவின் கால் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணி மறுபடியும் அவிழ்ந்திருந்தது. முத்தாரம்மாள் அத்தை அதை இறுக்கி முடிந்துகொண்டே, "மக்ளே, குங்குமச் சிமிழ எடுத்துட்டு வா. நாகர்கோயில்லேருந்து கோடி வந்தாச்சு. இனி தாமசிக்கக் கூடாது" என்றாள்.

மீனு எடுத்து வந்தாள். அம்மாவைக் குளிர்பெட்டியிலிருந்து இறக்கிப் பாயில் கிடத்தியிருந்தார்கள். மாமா பிறந்தவீட்டுக் கோடியாகக் கொண்டுவந்த சிவப்புப் பட்டைப் போர்த்தி, தலை நிறையப் பூ வைத்து, நெற்றியில் பெரிதாகக் குங்குமம் இட்டார்கள். சுமங்கலியாகப் போனவள் இல்லையா. கட்டிக்கொடுத்த பெண்கள் வரிசையாக வந்து, குனிந்து, அந்த நெற்றியிலிருந்து ஒரு துளி தொட்டுத் தங்கள் வகிட்டில் வைத்துக்கொண்டார்கள். பக்கத்து வில்லா மலையாளப் பெண் ரேஷ்மி மெல்ல அருகில் வந்து, "மீனு, எனிக்கும் தொடாமோ?" என்று கேட்டாள்.

"தொடுங்க சேச்சி."

"எந்தினா இது?"

"அம்மாவுக்கு அமைஞ்ச மாதிரி வாழ்க்கை அமையணும்னு."

ரேஷ்மி கண்ணை மூடி வேண்டிக்கொண்டு தொட்டாள். மீனுவுக்குச் சிரிப்பு வந்தது. உடனே தன் மேலேயே அருவருப்பும் வந்தது. அம்மாவும் அப்பாவும் நேருக்கு நேர் பேசி ஒன்பது வருஷமாகிறது.

பழவங்காடியில் கடைக்குப் பின்னால் இருந்த வாடகை வீட்டை விட்டுக் கழக்கூட்டத்தில் இந்த வில்லாவை அப்பா வாங்கியபோது, ஊரெல்லாம் அம்மாவின் அதிர்ஷ்டத்தைப் பேசியது. பதினெட்டு வீடுகள், எல்லாம் ஒரே அச்சு. ஒரே சாம்பல் நிறம், ஒரே கேட், வாசலில் ஒரே மாதிரி இரண்டு நாற்காலிகள். ஒரு சாயங்காலம் அம்மா பால் வாங்கிவிட்டு வந்து, எங்கள் பதினொன்றாம் நம்பர்தான் என்று நினைத்துப் பதினான்காம் நம்பர் வாசலில் உட்கார்ந்துவிட்டாள். அரை மணி நேரம் கழித்து அந்த வீட்டுக்காரர்கள் வந்து எழுப்பி அனுப்பினார்கள்.

அப்பா இதை நாகர்கோயிலில் ஒரு கல்யாண வீட்டில் நடித்தே காட்டினார். பந்தலே சிரித்தது. அம்மாவும் சிரித்தாள். திரும்பி வரும் வழியில், காரில் பின்சீட்டிலிருந்த மீனுவிடம், "வண்டிய நிறுத்தணும்னு உங்க அப்பாட்ட சொல்லு" என்றாள். வண்டி ஓட்டிய அப்பா கையெட்டும் தூரத்தில்தான் இருந்தார். பதினான்கு வயது மீனு, "அப்பா, வண்டிய நிறுத்தணுமாம்" என்றாள். அன்றைக்குத் தொடங்கியது.

பிற்பாடு ஒருநாள் அம்மா அவளிடம் மட்டும் சொன்னாள். "வீடு மாறிட்டுன்னு உக்காந்த உடனேயே தெரியும் மக்ளே. எந்திரிக்கத் தோணலை."

முதலில் மீனு கேட்டதைக் கேட்டபடியே கொண்டுபோய்ச் சேர்த்தாள். பிறகு கொஞ்சம் காரத்தைக் குறைத்தாள். 'இந்தக் கொழம்ப நாய் திங்காதுன்னு சொல்லு' என்று அப்பா சொன்னால், "அப்பாக்கு இன்னிக்குப் பசி இல்லையாம்" என்பாள். 'மாத்திரை எடுத்துக் குடுக்க நான் என்ன வேலைக்காரியா' என்று அம்மா சொன்னால், "மாத்திரை போட்டாச்சான்னு அம்மா கேக்கா" என்பாள். கடைசியில் யாரும் எதுவும் சொல்லாமலே அவளாகவே செய்தி கொண்டுபோனாள். மழைக்கு முன்னாடி வந்துருங்கன்னு அம்மா சொன்னா. அந்தப் பச்சை சேலை நல்லாருக்குன்னு அப்பா சொன்னாரு. இருவரும் மறுபேச்சுக் கேட்டதில்லை. ஒன்பது வருஷம் அவர்கள் தாம்பத்தியத்தை அவளே நடத்தினாள். நன்றாகத்தான் நடத்துகிறோம் என்று கர்வம்கூட இருந்தது.

முந்தாநாள் அம்மா அவளைக் கூப்பிட்டாள். "வடசேரியில ஒரு வீடு பாத்திருக்கேன். ஒண்ணாந்தேதி நான் மட்டும் போறேன். உங்க அப்பாட்ட சொல்லு. என்ன சொல்லுகாருன்னு எனக்கு வந்து சொல்லணும், கேட்டியா."

பதில் வேண்டுமென்று அம்மா கேட்டது அதுதான் முதல் தடவை. மீனு அப்பாவிடம் மூச்சு விடவில்லை.

நேற்று நாலு மணிக்கு அம்மா சமையலறையில் வைத்துக் கேட்டாள். அப்பா கடையில் இருந்தார். வீட்டில் அவர்கள் இருவர் மட்டும்தான்.

"சொன்னியா?"

"சொன்னேன்."

"என்ன சொன்னாரு?"

போகவேண்டாம் என்றார் என்று சொன்னால் அம்மா இந்த வீட்டிலேயே கிடப்பாள் என்று மீனுவுக்குப் பட்டது. போகட்டும், எங்கேயாவது போய் மூச்சு விடட்டும் என்று நினைத்தாள். "சரின்னு சொன்னாரு."

அம்மா அடுப்பை அணைத்தாள். "சரின்னா? வேற ஒண்ணும் சொல்லலியா?"

"இல்லம்மா."

"சரி" என்று போய்ப் படுத்தாள். ஆறு மணிக்கு மீனு சாயாவுடன் எழுப்பப் போனபோது கை சில்லிட்டிருந்தது. இதயம் நின்றுவிட்டது என்றார் டாக்டர். அப்பா சொன்னதாக அம்மா கடைசியாகக் கேட்டுவிட்டுப் போனது, அவர் சொல்லாத அந்த ஒரு சொல்தான். உடம்பு இந்த வாசலைத் தாண்டுவதற்குள் அப்பாவிடம் அதைச் சொல்லிவிட வேண்டும் என்று காலையிலிருந்து மீனு நாலு தடவை அவர் பக்கத்தில் போனாள். நாலு தடவையும் தண்ணீர் வேண்டுமா என்று கேட்டுவிட்டுத் திரும்பி வந்தாள்.

பெண்கள் வரிசை முடிந்ததும் அப்பா வந்து பாயோரம் சம்மணமிட்டு உட்கார்ந்தார். வாய்க்கரிசி போடத்தான் வருகிறார் என்று அத்தை தட்டை நகர்த்தினாள். அவர் தட்டைப் பார்க்கவில்லை.

"பகவதி" என்றார்.

அந்தப் பெயரை அவர் வாயில் கேட்டு எத்தனை காலமாகிறது.

"மழைக்கு முன்னாடி வரச் சொன்னேல்லா. நேத்து மழை இல்ல, அதான் நேரமாயிட்டு." கொஞ்சம் நிறுத்தினார். "மாத்திரை போட்டேன். காலைல போட்டேன்."

மீனு உண்டாக்கிய வாக்கியங்களுக்கு ஒவ்வொன்றாக அவர் வாயிலிருந்து பதில் வந்தது. ஒன்றையும் அவர் மறக்கவில்லை. சுற்றி இருந்த பெண்கள் வாய்விட்டு அழுதார்கள். "எப்படிப்பட்ட ஜோடி" என்று அத்தை மூக்கைச் சிந்தினாள். மீனுவுக்கு அழுகை வரவில்லை, பயமாக இருந்தது. அப்பா நிறுத்திய இடங்கள் அழுகைக்காக நிறுத்தியவை அல்ல. தலையைச் சாய்த்து, எதிராளி பேசி முடிக்கும்வரை பொறுத்திருந்து, அதன் பிறகுதான் அடுத்ததைச் சொன்னார்.

"ஆமா" என்றார். "இல்ல, அது தெரியாது."

அம்மாவின் வாய்ப்பக்கம் காதைக் கொண்டுபோனார். பிறகு அவர் புருவம் சுருங்கியது.

"சரின்னா? நான் எப்போ சரின்னு சொன்னேன்?"

அந்தப் பொய்யை மீனு வேறு யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது கேட்ட ஒரே ஆள் பாயில் கிடந்தாள்.

வாசலில் ஆம்புலன்ஸ் டிரைவர் சுஜித், "எடுக்காமோ?" என்று யாரிடமோ கேட்டான். மாமா கையைக் காட்டி அவனை நிற்கச் சொன்னார். அப்பா திரும்பி மீனுவைப் பார்த்தார். முகத்தில் கோபமில்லை. கடையிலிருந்து வந்து செருப்பைக் கழற்றும்போது எப்போதும் இருக்கும் அதே களைத்த முகம்.

"மீனு" என்றார். "உங்க அம்மாட்ட சொல்லு. நான் சரின்னு சொல்லலை."

அம்மா அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளிக் கிடந்தாள். எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மீனு பாய்க்கு வந்து மண்டியிட்டு, பூவை ஒதுக்கி, குளிர்ந்த காதுக்குள் ஒன்றும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னாள்.

"அம்மா, அப்பா சரின்னு சொல்லலை."

சொல்லிவிட்டு எழுந்திருக்காமல் அப்படியே இருந்தாள். அப்பா சற்று முன்னால் சாய்ந்து, அம்மா என்ன சொன்னாள் என்று கேட்பதற்காக மீனுவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.